வன்னிச் சவாரியும் கையடக்கக் கமராவும்

உயர்ந்த பனிமலையின் உச்சியிலே ஒருவன் நிற்கிறான். காலில் இரண்டு நீண்ட மெல்லிய பலகைகள். கையில் இரண்டு கோல்கள். கண்மூடித் திறப்பதற்குள் அவன் சரிவில் இறங்கிவிடுகிறான். அவன் பின்னே வெண்பனி தூளாகிப் பறக்கிறது. இருமருங்கும் நிற்கும் ஊசியிலை மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. பாறை விளிம்பொன்றிலிருந்து எழும்பி, ஒரு கணம் ஆகாயத்திலே மிதந்து, மறுபடியும் பனியிலே கால் பதிக்கிறான். அவனைத் தொடர்ந்து அதே சரிவில் சறுக்கிக்கொண்டே மற்றொருவன் அக்காட்சியைப் படம் பிடிக்கிறான். இத்தகைய படங்களை எடுப்போருட் பலர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். விடுமுறை நாளில் நண்பரோடு மலைக்குச் செல்லும் மாணவரும் உத்தியோகத்தருமே. ஆயினும் அவர்கள் எடுத்த படம் இன்று உலகின் எந்த மூலையிலும் கைத்தொலைபேசித் திரையிலே தோன்றுகிறது. பனியைக் கண்ணாற் கண்டறியாத வன்னிச் சிறுவனும் அதனை மூச்சடக்கிப் பார்க்கிறான்.

நமது நாட்டிலே பனிமலை இல்லை. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையே நமது மிக உயர்ந்த சிகரம். நுவரெலியாவின் புற்றரையிலே சிற்சில விடியற்காலைகளில் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. சறுக்கி விளையாடத்தக்க பனி அங்கும் விழுவதில்லை. வன்னியோ பெரும்பாலும் சமதரை. அங்கே சரிவு தேடிச் செல்வோர் குளக்கட்டின் சரிவையன்றி வேறொன்றையும் காண்பது அரிது. எனினும், வேகத்தின்மீது உள்ள வேட்கையும், அவ்வேகத்தைப் படத்திலே பிடித்துவைக்கும் ஆசையும் பனிநாட்டாருக்கு மட்டும் உரியன அல்லவே! வன்னியிலே அவ்வாசைக்கு இடங்கொடுப்பது மாட்டுவண்டிற் சவாரி. அதனைத் தம் கைத்தொலைபேசியாற் படம் பிடிக்கும் இளைஞரைக் காணும் பொருட்டு, கல்லூரி மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு நாம் கிளிநொச்சிப் பக்கம் சென்றோம்.

வவுனியாவுக்கு வடக்கே

வவுனியா நகரைக் கடந்து ஏ-9 வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோருக்கு, கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தூரம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புளியங்குளத்தில் ஒரு வீதி நெடுங்கேணிக்குப் பிரிகிறது. மாங்குளத்தில் மற்றொன்று கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரையை நோக்கிச் செல்கிறது. பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காடு சிறிது தூரம். காடு விலகியதும் குளமும் வயலும் சிறிது தூரம். வன்னியின் இயல்பே இதுதான். குளம் இருக்குமிடத்தில் ஊர் இருக்கிறது. ஊர் இருக்குமிடத்தில் மாடு இருக்கிறது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடையாமல் அவ்வழியே செல்லும் வாகனம் குறைவு. நாமும் இறங்கி வழிபட்டு, அவ்விடத்துக்கே பெயர்போன வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தோம். வீதியோடு இணைந்தே ரயிற்பாதையும் செல்கிறது. 1990ஆம் ஆண்டிலே நின்றுபோன வடபகுதி ரயிற் சேவை, 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சியை எட்டியது; 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்காலம் ரயிலின் ஓசையைக் கேளாதிருந்த ஊர்கள் இவை.

கிளிநொச்சிக்குத் தெற்கே இரணைமடுக் குளம் பரந்து கிடக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கட்டப்பட்ட இக்குளமே அவ்வட்டாரத்து நெல்வயல்களின் தாய். குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றவாசிகள் பலர். அவர்கள் வரும்பொழுது மண்வெட்டியும் விதைநெல்லும் மட்டுமா கொண்டுவந்தார்கள்? தம் ஊர்ச் சவாரியின் சுவையையும் உடன்கொண்டே வந்தார்கள். வன்னியின் பூர்வகுடிகளோ வண்டிலையும் மாட்டையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். இருசாராரின் ஆர்வமும் கலந்தே இன்றைய வன்னிச் சவாரி உருவாயிற்று என்று கருதலாம்.

காலபோக நெல் தை, மாசி மாதங்களில் அறுவடையாகிவிடும். பங்குனி வெயிலில் வயல் காய்ந்து இறுகும். களஞ்சியத்திலே நெல்லும் கையிலே சிறிது ஓய்வும் இருக்கும் அந்நாள்களே சவாரிக்கு உகந்த நாள்கள்.

சவாரித் திடலிலே

நாம் சென்ற திடல் கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, வயல்வெளி நடுவில் அமைந்திருந்தது. சில நூறு மீற்றர் நீளமான நேர்த்தரை. இருபுறமும் கயிறு கட்டிய வேலி. வேலிக்கு அப்பால் பனைகள். காலை பத்து மணிக்கே சனம் நிறைந்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியிலே குடும்பம் குடும்பமாக வந்திறங்கினார்கள். ஐஸ்கிறீம் வண்டியின் மணியும், ஒலிபெருக்கியின் அறிவிப்பும், கச்சான் விற்கும் அம்மாவின் கூவலும் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

சவாரி வண்டில் பாரவண்டில் அன்று. அது பாரமேற்ற உதவாது. ஓடுவதற்கென்றே இலேசாகச் செய்யப்பட்டது. இரண்டு காளைகள் நுகத்திலே பூட்டப்படுகின்றன. கயிற்றைப் பிடித்து வழிநடத்துபவர் ஒருவர். அவருடன் துணையாக ஏறுபவர் ஒருவர். மாடுகளின் தகுதிக்கேற்பப் பல பிரிவுகளாகப் போட்டி நடைபெறும். இரண்டு சோடிகள் அருகருகே நின்று, அடையாளம் கிடைத்ததும் புறப்படும். அரை நிமிடம், அதிகம் போனால் முக்கால் நிமிடம்; அவ்வளவில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்துக்காக மாட்டுக்காரர் ஆண்டு முழுவதும் உழைக்கிறார். தமக்குச் சோறு இல்லாத நாளிலும் காளைக்குப் பருத்திவிதையும் உளுந்தும் தேடிக் கொடுப்பவர்கள் உண்டு என ஊரார் சொன்னார்கள்.

சவாரிப் பித்து நமது மக்களின் நாடியிலே ஓடுவது என்பதற்குச் சான்று வேறு வேண்டியதில்லை. ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர் தம் கேலிச்சித்திரப் பாத்திரத்துக்குச் ‘சவாரித் தம்பர்’ என்று பெயரிட்டபோது, அத்தம்பர் எத்தகைய மனிதர் என்று வாசகருக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊருக்கு ஒரு சவாரித் தம்பர் இருந்தார்!

அன்று திடலிலே நாம் கண்ட புதுமை, வேலியோரத்தில் வரிசையாக உயர்ந்திருந்த கைத்தொலைபேசிகள். பதினைந்து வயதுச் சிறுவன் முதல் முப்பது வயது இளைஞர் வரை பலர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கருவியைச் சிறிய முக்காலியில் நிறுத்தியிருந்தார். மற்றொருவர் நெஞ்சிலே பட்டி கட்டி அதிலே சின்னஞ்சிறு கமராவைப் பொருத்தியிருந்தார். வண்டிலிலே ஏறப்போகிறவர் அவரே. மாலையாகுமுன்னரே அப்படங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் உள்ள வன்னி மக்களின் கைகளை அடைந்துவிடும். பனிநாட்டிலிருந்து சறுக்குப் படம் இங்கே வருகிறது. இங்கிருந்து புழுதிப் படம் பனிநாட்டுக்குச் செல்கிறது. இஃது ஒரு நல்ல பண்டமாற்றே.

ஓட்டத்தைப் படமாக்கியோர்

ஓடும் பொருளைப் படத்திலே பிடிக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. குதிரை பாய்ந்தோடும்போது அதன் நான்கு கால்களும் ஒருங்கே தரையைவிட்டு எழுகின்றனவா என்பது ஒரு காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. 1878ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர், ஓட்டப்பாதையின் ஓரத்திலே பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போது ஒவ்வொன்றாகப் படமெடுக்கச் செய்தார். நான்கு கால்களும் எழுவது உண்மையென்று அப்படங்கள் காட்டின. ஆயிரம் ஆண்டுகளாகக் குதிரையைப் பார்த்துவந்த மனிதக் கண் காணாததைக் கமரா கண்டது. சினிமா பிறப்பதற்கு முன்னரே நிகழ்ந்தது இது.

பனிச்சறுக்கைப் படமாக்கியோருள் முன்னோடி ஜேர்மனியரான ஆர்னோல்ட் ஃபாங்க். அவர் சினிமாப் பயிற்சி பெற்றவர் அல்லர், நிலவியல் கற்றவர். மலைமீதும் பனிமீதும் கொண்ட காதலினால் நண்பரோடு கமராவைச் சுமந்து மலையேறினார். 1920இல் வெளிவந்த அவருடைய ‘பனிச்சறுக்கின் அற்புதம்’ என்ற பொருள்படும் பெயருடைய படத்திலே, அக்காலத்துப் பேர்பெற்ற ஆசிரியரான ஹானஸ் ஷ்னைடர் சறுக்கிக் காட்டினார். படப்பிடிப்பாளர் தாமும் சறுக்கத் தெரிந்தவராக இருந்தாலன்றி அத்தகைய படத்தை எடுக்க முடியாது என்பதை ஃபாங்கின் குழுவினர் உலகுக்கு உணர்த்தினர்.

அமெரிக்காவிலே வாரன் மில்லர் என்பவரின் கதை மாணவர்க்கு இன்னும் சுவையூட்டக்கூடியது. 1946ஆம் ஆண்டு கடற்படையிலிருந்து விலகிய அவர், வார்ட் பேக்கர் என்ற நண்பரோடு சேர்ந்து, ஐடஹோ மாநிலத்துச் சன்வலி என்னும் பனிச்சறுக்குத் தலத்தின் வாகனத் தரிப்பிடத்திலே, சிறிய இழுவைக் கூண்டொன்றிற் குளிர்காலத்தைக் கழித்தார். கையிலே பணமில்லை, இருந்தது ஓர் எட்டு மில்லிமீற்றர்க் கமரா. ஒருவரையொருவர் படமெடுத்து, அதைப் பார்த்துத் தம் சறுக்கிலுள்ள பிழைகளைத் திருத்திக்கொள்வதே அவர்களின் முதல் நோக்கம். பின்னர் அப்படங்களைப் பிறருக்குக் காட்டி, அருகில் நின்று நகைச்சுவையோடு விளக்கமும் சொன்னார் மில்லர். மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு படமென அரைநூற்றாண்டுக்கு மேலாக அவர் பெயரில் படங்கள் வந்தன. 2018இல் அவர் காலமானபோது, குளிர்காலத்தின் தொடக்கத்தையே அவர் படத்தைக்கொண்டு கணித்த ஒரு தலைமுறை அவரை நினைவுகூர்ந்தது.

2002ஆம் ஆண்டிலே நிக் வூட்மன் என்ற இளைஞர் அலைச்சறுக்கு விளையாட அவுஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் சென்றார். அலைமேல் நிற்கும் தம்மைத் தாமே படமெடுக்க ஒரு வழி தேடினார். மணிக்கட்டிலே கமராவைக் கட்டும் பட்டியொன்றைச் செய்யத் தொடங்கினார். 2004இல் ‘கோப்ரோ’ என்ற பெயரில் அவருடைய முதற் கமரா விற்பனைக்கு வந்தது. சவாரித் திடலிலே இளைஞரின் நெஞ்சில் நாம் கண்டது அக்கருவியின் வழிவந்த ஒன்றே.

இவர்கள் யாவரிடத்தும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். பெரிய நிறுவனத்தின் கட்டளைக்காக எவரும் தொடங்கவில்லை. தாம் விரும்பிய ஒன்றை உற்றுநோக்கும் ஆசையே அவர்கள் கையிலே கமராவைக் கொடுத்தது.

வேகம் எங்கே தெரிகிறது?

நம்முடன் வந்த மாணவரின் முதற் படங்கள் சுவையற்றிருந்தன. நேரிலே பார்க்கும்போது நெஞ்சு படபடக்க ஓடிய வண்டில், திரையிலே ஏதோ சிறிய பூச்சி ஊர்வதுபோலத் தோன்றியது. காரணத்தை ஆராய்ந்தோம்.

வண்டில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு செக்கனில் அது 10 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் கருவியிலே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே வண்டில் 33 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. செக்கனுக்கு 120 படம் எடுத்து, அதனை 30 என்ற கணக்கில் ஓடவிட்டால், அசைவு நான்கு மடங்கு மெதுவாகும். குளம்பு மண்ணைத் தொடுவதும், மண் சிதறுவதும், திமில் குலுங்குவதும் தனித்தனியே தெரியும். இது கணக்கு. ஆனால் கணக்கு மட்டும் படத்துக்கு உயிர் கொடுப்பதில்லை.

வேகம் ஓடும் பொருளில் தெரிவதில்லை. அதன் அருகே அசையாது நிற்பதிலும், அது பின்னே எழுப்பிச் செல்வதிலுமே தெரிகிறது. பனிச்சறுக்குப் படத்திலே ஊசியிலை மரங்களும், பறக்கும் பனித்தூளும் செய்யும் வேலையை, வன்னியிலே பனைமரங்களும் செம்புழுதியும் செய்கின்றன. வெறும் வெளியைப் பின்னணியாக வைத்தால் வண்டில் நின்றதுபோலவே இருக்கும். பனைவரிசையைப் பின்னணியாக வைத்து, கமராவை வண்டிலோடு சேர்த்து ஒரே சீராகத் திருப்பினால், வண்டில் தெளிவாக நிற்க, பனைகள் கோடுகளாக ஓடும். அப்பொழுதே பார்ப்போன் நாற்காலியின் நுனிக்கு வருவான்.

இதிலே கைப்பழக்கம் வேண்டும். முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, கால்களை அகட்டி நின்று, இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். மணிக்கட்டைத் திருப்பினாற் படம் துள்ளும். கருவியைத் தரைக்கு அருகே தாழ்த்திப் பிடித்தால் காளை பெரிதாகவும் விரைவாகவும் தோன்றும். மாலை மூன்று மணிக்குப் பின் சூரியன் சாய்கையில், வெயிலுக்கு எதிர்ப்புறம் எழும் புழுதி பொன்னாக ஒளிரும். நடுப்பகலில் அதே புழுதி வெறும் சாம்பல். வெண்பனியை எடுக்கும் கமரா ஏமாந்து அதனை மங்கலாகக் காட்டும் என்பார்கள். வெள்ளைக் காளை திரையை நிறைக்கும்போதும் அதே குறை நேர்கிறது. அப்பொழுது ஒளியின் அளவைச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். ஒலியும் படத்தின் பாதி. கழுத்து மணிகளின் சத்தமும், வண்டிற் சில்லின் கடகடப்பும், சனத்தின் ஆரவாரமும் இருக்க, அவற்றை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டை இடுவது நல்ல குழம்பிலே சீனி போடுவதற்கு ஒப்பாகும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலான பாடத்தை நாம் கற்றது ஒரு முதியவரிடமிருந்து. வேலியோரத்திலே தலைப்பாகையோடு நின்ற அவர், நம் மாணவன் ஒருவன் ஒவ்வொரு முறையும் தாமதமாகவே கமராவைத் திருப்புவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கொடியைப் பார்த்துக்கொண்டு நிண்டால் பிந்திப் போவாய். மாட்டின்ரை காதைப் பார். காது பின்னாலை போகேக்கை மாடு வெளிக்கிடப் போகுது எண்டு விளங்கும்” என்றார்.

“ஐயா, இவ்வளவு தூரத்திலையிருந்து காது தெரியுமோ?” என்றான் மாணவன்.

“உன்ரை போனிலை பெரிசாக்கிப் பார்க்கலாமெல்லே? எனக்கு அது இல்லாமலே தெரியுது” என்று சிரித்தார் பெரியவர்.

அடுத்த ஓட்டத்தில் மாணவனின் படம் தவறவில்லை. சறுக்கத் தெரிந்தவனே சறுக்கைப் படமெடுக்கலாம் என்பதுபோல, மாட்டை அறிந்தவனுக்கே சவாரிப் படம் வாய்க்கிறது.

மீறக் கூடாத எல்லை

பரபரப்பான படம் வேண்டுமென்ற ஆசை மனிதரை அறிவிழக்கச் செய்வதும் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் காளை நின்றுவிடுவதில்லை. வந்த வேகத்திலே மேலும் வெகுதூரம் ஓடும். அக்கோட்டுக்கு நேரே, ஓட்டப்பாதையின் நடுவிலே நின்று படமெடுக்கும் இளைஞரைக் கண்டபோது நமக்கு உள்ளம் பதறியது. இரண்டு காளையும் இரண்டு மனிதரும் ஏறிய வண்டிலும் ஒருங்கே வந்து மோதினால், எஞ்சுவது படம் மட்டுமே. வேலிக்குள் எவரும் நுழையலாகாது; நெருக்கமான காட்சி வேண்டுவோர், ஆளில்லாக் கமராவை வேலிக்கம்பிலே கட்டிவிட்டு விலகி நிற்கலாம். ட்ரோன் பறக்கவிட எண்ணுவோர் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்துகொள்வதோடு, அதன் இரைச்சலுக்கு மாடு மிரளும் என்பதையும் நினைக்கவேண்டும்.

பனிமலையிலே சறுக்குவோருக்குப் பெரும்பகை பனிச்சரிவு. அது மேலிருந்து வரும். வன்னியிலே ஆபத்து கீழே புதைந்திருந்தது. போருக்குப் பின் மிதிவெடி அகற்றும் பணியினால் பெருநிலப்பரப்பு மீட்கப்பட்டுவிட்டது. 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. ஆயினும், சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் காணுமிடத்தில், எத்துணை அழகிய காட்சி அப்பால் இருப்பினும், ஓர் அடியேனும் வைத்தலாகாது.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பிலே ஆணி பொருத்திக் குத்துவதும், வாலைக் கடிப்பதும் வீரமாகா. இந்நாட்டிலே மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தமிழ்நாட்டிலே சல்லிக்கட்டும் மாட்டுவண்டிப் பந்தயமும் 2014இல் இந்திய உச்சநீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டு, 2017இல் மாநிலச் சட்டத்திருத்தத்தால் மீண்டு, 2023இலே அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த நீண்ட வழக்கின் மையக்கேள்வி மாட்டின் வேதனையே. இங்கே கமராக்காரருக்கு ஒரு கடமை உண்டு. அவர் எதைப் புகழ்ந்து காட்டுகிறாரோ, அதையே அடுத்த சவாரியிலே பிறரும் செய்ய முயல்வர். குருதி வடியும் முதுகை வெற்றிக்காட்சியாக்காமல், அன்போடு வளர்த்த காளை தானே விரும்பிப் பாயும் ஓட்டத்தைக் காட்டினால், சவாரியின் ஆயுளும் நீளும்.

படமில்லாத வீடுகள்

மதியத்திலே அப்பெரியவரின் வீட்டிற்குச் சென்று மோர் அருந்தினோம். முற்றத்திலே சோடிக்காளைகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. மாணவர் எடுத்த படங்களை அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பின்பு மெதுவாகச் சொன்னார்: “எங்கடை அப்புவின்ரை சோடிக்கு இந்த வட்டாரத்திலை நல்ல பேர், மாஸ்ரர். சொன்னால் நம்பமாட்டியள். காட்டுறதுக்கு ஒரு படமும் கையிலை இல்லை.”

அவர் ஒருவரின் குறை மட்டுமன்று அது. வன்னியிலே எத்தனையோ வீடுகளில் பழைய படத்தொகுப்பு என்று ஒன்று கிடையாது. 2004 டிசெம்பர் 26ஆந் தேதி முல்லைத்தீவுக் கரையிலே எழுந்த ஆழிப்பேரலை உயிர்களோடு வீடுகளையும் அள்ளிச் சென்றது. 2008இலும் 2009இலும் சனங்கள் கிழக்கு நோக்கி ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்தனர். ஒவ்வொரு முறையும் சுமை குறைந்தது. முதலில் தளபாடம், பின்பு பாத்திரம், ஈற்றிலே திருமணப் படங்களும் பிள்ளைகளின் பிறந்தநாட் படங்களும் கைவிடப்பட்டன. 2009 மேயிலே முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது, பலரிடம் உடுத்த உடையன்றி வேறொன்றும் இருக்கவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்திலே தொடர்போராட்டம் தொடங்கினர். தாய்மார் நெஞ்சோடு அணைத்து ஏந்திய படங்களை நாடு முழுவதும் கண்டது. அவை பெரும்பாலும் முகத்தை மட்டும் காட்டும் சிறிய படங்களைப் பெருப்பித்தவை. அந்த மகன் எப்படி நடப்பான், எப்படிச் சிரிப்பான், யாரை எப்படிக் கூப்பிடுவான் என்பதை அத்தாயின் நெஞ்சமே அறியும், படம் அறியாது.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகளாக உலகம் வன்னியைக் கண்டது துயரப் படங்களிலேதான். அவை உண்மையானவை, மறக்கவும் கூடாதவை. ஆனால் ஒரு நிலத்தின் முழு உருவம் அதன் துயரம் மாத்திரம் அன்று. இதே மண்ணிலே புழுதி பறக்க வண்டில் ஓடியது. பிள்ளைகள் தகப்பனின் தோளிலேறிக் கூச்சலிட்டனர். தோற்ற மாட்டுக்காரர் வென்றவரைக் கட்டித்தழுவினார். அதைப் பிறர் வந்து எடுக்கும்வரை காத்திராமல், வன்னிப் பிள்ளைகள் தாமே எடுக்கின்றனர். அரை நிமிடச் சவாரிப் படமொன்று வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், முப்பது ஆண்டு கழித்து அதைப் பார்க்கப்போகும் பேரனை நினைப்பாராக.

எடுத்ததைப் பேணுதல்

ஆகையினால், எடுப்பதிலே காட்டும் ஆர்வத்தைப் பேணுவதிலும் காட்டவேண்டும். கைத்தொலைபேசி தொலைந்தாற் படமும் தொலையும்; உடைந்தாற் படமும் உடையும். மூலப்படத்தை இரண்டு வேறு இடங்களிலே பிரதிசெய்து வைத்தல் நன்று. செய்திச் செயலி வழியாக அனுப்பும்போது படத்தின் தெளிவு குறைவதுண்டு. அதனால் அனுப்பிய பிரதியையே நம்பி மூலத்தை அழித்துவிடலாகாது. ஓட்டத்தை மட்டும் எடுத்து நிறுத்தாமல், பூட்டும் கைகளையும், பார்க்கும் முகங்களையும், பெரியவர்களின் பேச்சையும் சேர்த்து எடுக்கவேண்டும். அவர்களிடம் அனுமதி கேட்டே எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, எந்த ஊர், எந்த நாள், யாருடைய சோடி, மாடுகளின் பெயர் என்ன என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். பெயரற்ற படம் காலப்போக்கில் அநாதையாகும். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் திரட்டிப் பேணிவருவதை மாணவர் அறிவர். நூலுக்குச் செய்யப்படும் அத்தொண்டைத் தம் ஊர்ப் படங்களுக்குச் செய்வது ஒவ்வோர் ஊர்ப் பாடசாலைக்கும் இயலாத காரியமன்று.

மாலை ஐந்து மணிக்கு இறுதி ஓட்டம் முடிந்தது. பனைகளின் நிழல் திடலைக் கடந்து நீண்டது. பெரியவரின் சோடி இரண்டாம் இடத்தையே பெற்றது; அவரோ வென்றவர்போலக் காளைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தார். நம் மாணவன் குறிப்புப் புத்தகத்தை விரித்து, “ஐயா, மாடுகளின்ரை பேர் என்ன?” என்று கேட்டான். அவர் இரண்டு பெயர்களையும் சொன்னார். பின்பு, “அப்புவின்ரை சோடியின்ரை பேரையும் எழுது தம்பி” என்று அவற்றையும் சொன்னார். மாணவன் நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டான்.